இறங்கு துறைமுகம்

பத்தொன்பது வருஷம்
லிங்கிச் செட்டித் தெருவில், மூன்றாவது மாடியில்,
ஊர்களின் பெயரைத் தட்டச்சு செய்தேன்.
மொம்பாசா. கிடான்ஸ்க். வால்பரைசோ.
ஓர் எழுத்து பிசகினால் திருத்தக் கட்டணம் ஐம்பது டாலர்.
இருதயராஜ் சார் அதைச் சம்பளத்தில் பிடிக்க மாட்டார்,
கண்ணாடிக்கு மேலாக ஒருதரம் பார்ப்பார், அவ்வளவுதான்.
அதனால் ஓர் ஊரையும் நான் தப்பாக எழுதியதில்லை.
ஓர் ஊரையும் பார்த்ததுமில்லை.

வேலையை விடுகிறேன் என்றதும்
ஆளுக்கொரு காரணம் கையில் வைத்திருந்தார்கள்.
கல்யாணமா என்றாள் ஹெப்சிபா.
நாற்பத்து நாலு வயதுக்காரியிடம் அப்படிக் கேட்க
நல்ல மனசு வேண்டும்.
டீ கொண்டுவந்த குஞ்ஞுமோன்
'கல்ஃபா சேச்சி?' என்றான்.
அவன் ஊரில் விமானம் ஏற வேறு காரணம் கிடையாது.

ஊர் சுற்றப் போகிறேன்.
சொன்னபோது என் காதிலேயே அது வசவாக விழுந்தது.
ஊர் சுற்றுகிறவன் என்றால் தண்டச்சோறு.
ஊர் சுற்றுகிறவள் என்றால்
பிள்ளைகள் எதிரில் அந்தப் பேச்சை எடுக்க மாட்டார்கள்.

பி.எஃப். படிவம் விலகும் காரணம் கேட்டது.
பட்டியலைக் கீழே இழுத்துப் பார்த்தேன்,
இறப்புகூட இருந்தது,
அதை யார் உட்கார்ந்து நிரப்புவார்களோ.

தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டைக் கலைப்பது
சேர்ப்பதைவிட நேரம் பிடிக்கிறது.
சிலிண்டரை ஒப்படைக்க கேஸ் ஆபீசுக்கு மூன்று நடை.
லாரித் தண்ணீர்க் குடங்கள், நீலம் இரண்டு பச்சை ஒன்று,
கீழ்வீட்டு ஷாகிராவுக்கு.
ஸ்கூட்டி பதினெட்டாயிரத்துக்குப் போனது;
முகப்பில் கட்டிய எலுமிச்சம்பழத்தோடு
அந்தப் பையன் ஓட்டிப் போனான்.
சுவரில் அடித்த ஆணிகளுக்காக
அட்வான்ஸில் மூவாயிரம் கழித்தார் ஹவுஸ் ஓனர்.
பதினோரு ஆணி. எண்ணினேன்.
ஆவடியில் தம்பி வீட்டுப் பரணில் இரண்டு அட்டைப்பெட்டி.
'எப்போ வருவீங்க அண்ணி?'
பரண் காலியாகும் தேதியைக் கேட்கிறாள்,
தப்பில்லை.

எங்கள் தொழிலில் ஒன்று உண்டு:
சரக்கை இறக்கியபின் காலிப் பெட்டியை
குறித்த நாளுக்குள் யார்டில் விட வேண்டும்.
முதல் பதினாலு நாள் இலவசம். அப்புறம்
ஏறிக்கொண்டே போகும்.
எத்தனை பேரிடம் ஃபோனில் கத்தியிருக்கிறேன்,
உங்க பெட்டி மணலியில சும்மா நிக்குது சார்,
சும்மா நிக்கிறதுக்குத்தான் சார் காசு.

வங்கியில் ஆறு லட்சத்து நாற்பதாயிரம்.
வகுத்தால் நானூற்றுச் சொச்சம் நாள்,
மலிவான ஊர்களில், இரவுப் பேருந்துகளில் தூங்கினால்.
சும்மா நிற்கும் காசை
முன்னாலேயே கட்டிவிட்டேன்.

நேற்றிரவு பயம் வந்தது.
துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதியது,
தினமும் ஊதுவதுதான்.
எழுந்து ஃபோனில் வால்பரைசோவைத் திறந்தேன்.
அங்கே தெருக்கள் எல்லாம் மலையேறுகின்றன.
என் இடது முழங்கால் படியேறினால் சத்தம் போடும்.
இத்தனை பில்லில் ஒன்றிலாவது
மேடு என்று யாரும் எழுதவில்லை.

கடைசி நாள், கடைசி பில்.
தென்னைநார்க் கட்டிகள், இருபதடிப் பெட்டி ஒன்று.
இறங்கு துறைமுகத்தில் விரல் நடுங்கி
ஓர் எழுத்தை விழுங்கிவிட்டது.
கண்ணாடிக்கு மேலாக சார் பார்க்கவில்லை.
பேனா எடுத்துத் தானே திருத்தினார். பிறகு,
தாளைப் பார்த்தபடியே சொன்னார்:
'அங்க போனா ஒரு ஃபோட்டோ அனுப்பும்மா.
முப்பத்திரண்டு வருஷமா
எனக்கு ஸ்பெல்லிங் மட்டும்தான் தெரியும்.'

லிஃப்ட் வேலை செய்யவில்லை.
இறங்கும்போதும் சத்தம் போடுகிறது
அந்த முழங்கால்.